துண்டாடப்பட்ட தோட்டங்களும் துன் சம்பந்தனும்

மலாக்கா நகரிலிருந்து வடமேற்கே சுங்கை ஊடாங் நோக்கிச் செல்வோர் இன்று காண்பது தெரெண்டாக் இராணுவ முகாமும் பெட்ரோனாஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் வீடமைப்புப் பகுதிகளுமே. பால்மரக் காடுகளை நினைவுகூர்வோர் முதியவர்களாகிவிட்டனர். ஆயினும் மலாயாவில் இரப்பர் வாணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்டது இம்மாநிலத்தில்தான். 1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். அதே ஆண்டில்தான் வீ. தி. சம்பந்தனின் தந்தையார் வீராசாமி தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்தார் என்பது தற்செயலான ஒற்றுமை. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அவர் இரப்பர் தோட்ட உரிமையாளராக உயர்ந்தார்.

அங்கு 16.6.1919இல் பிறந்த சம்பந்தன் கோலாகங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். போர்க்காலத்தைத் தமிழகத்தில் கழித்து 1946இல் தாயகம் திரும்பினார். ம.இ.கா. தோன்றியதும் அவ்வாண்டில்தான். அக்கட்சியின் தொடக்ககாலத் தலைமை பெரும்பாலும் ஆங்கிலங்கற்ற நகர்ப்புற வழக்கறிஞர்களிடமும் வட இந்திய மரபினரிடமும் இருந்தது. உறுப்பினராக வேண்டிய மக்களோ தோட்டத்து லயங்களில் இருந்தனர். 1955இல் தேவாசருக்குப் பின் சம்பந்தன் தலைவரானபோது இவ்விடைவெளி குறையலாயிற்று. கட்சி மேடையின் மொழி தமிழாயிற்று. ஒரு தோட்ட உரிமையாளரின் மகன் தோட்டப் பாட்டாளிகளின் தலைவரானார் என்ற முரணை நாம் மறைக்க வேண்டியதில்லை. நிலத்தின் மதிப்பை அவர் அறிந்திருந்ததற்கு அப்பின்னணியும் ஒரு காரணம் என்றே கருதுகிறோம்.

தொழில், சுகாதாரம், பொதுப்பணி மற்றும் அஞ்சல் தொலைத்தொடர்பு, தேசிய ஒற்றுமை என அவர் வகித்த அமைச்சுப் பொறுப்புகளைப் பாடநூல்கள் வரிசைப்படுத்துகின்றன. அவற்றினும் நம் கவனத்திற்குரியது 1960இல் அவர் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்.

அதன் தேவையை உணரத் தோட்டத் துண்டாடலை அறிதல் வேண்டும். அவசரகாலப் போராட்டமும் நெருங்கிவந்த விடுதலையும் ஐரோப்பிய உரிமையாளர் பலரை அச்சுறுத்தின. தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட முனைந்தனர். வாங்கிய தரகர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்று இலாபம் கண்டனர. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வாங்கியவருக்கு நிலையான தொழிலாளர் தேவைப்படவில்லை. ஒரு விற்பனைப் பத்திரத்தால் வேலையும் லயத்து வீடும் ஒருசேரப் போயின. பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளியும் கோயிலும் ஆதரவற்று நின்றன. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து இத்துயரைப் பதிவு செய்துள்ளார்.

சம்பந்தன் கண்ட வழி எளியது. தொழிலாளரே சேர்ந்து தோட்டத்தை முழுமையாக வாங்கிவிடுவது. பங்கு ஒன்று நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். மரம் சீவுபவருக்கு அன்று பத்து வெள்ளி என்பது சில நாள் கூலி. அதைக் கேட்டுத் தோட்டந்தோட்டமாகச் சென்றார் ஓர் அமைச்சர். உடன் நின்று உழைத்தவர்களுள் கே. ஆர். சோமசுந்தரம் குறிப்பிடத்தக்கவர். 1961இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று.

இம்முயற்சிக்கு எல்லையும் உண்டு. கெடாவில் வாங்கிய தோட்டத்தில் மலாக்காத் தொழிலாளி பங்குதாரராகலாம். ஆனால் அவர் குடியிருக்கும் தோட்டம் விற்கப்படுவதை அப்பங்கு தடுக்காது. விற்பவர் இசைந்தால்தான், அதுவும் சந்தை விலைக்கே, சங்கம் வாங்க இயலும். தோட்ட நில விற்பனையைக் கட்டுப்படுத்தும் விதி 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் பின்னரே சேர்க்கப்பட்டது. ஆளுங்கூட்டணியில் அமர்ந்திருந்தவர் அச்சட்டத்தை முன்னரே வற்புறுத்திப் பெற்றிருக்கலாகாதா என்ற வினா நியாயமானதே. அவரது அரசியல் இயல்பு வற்புறுத்தலன்று, இணக்கம். அதன் விலையைத் தோட்ட மக்கள் ஓரளவு செலுத்தினர் என்பது எம் கருத்து. எனினும் சட்டம் வரும்வரை காத்திராமல் ஒரு கருவியைத் தொழிலாளர் கையில் கொடுத்தவர் அவரே என்பதையும் உடன் எழுத வேண்டும்.

உட்கட்சிப் பூசலின் முடிவில் 1973இல் தலைமைப் பொறுப்பை மாணிக்கவாசகத்திடம் விட்டு விலகினார். 18.5.1979இல் மறைந்தார். கோலாலம்பூரிலுள்ள சங்கத்தின் தலைமையகம் விஸ்மா துன் சம்பந்தன் எனப் பெயர் பெற்றுள்ளது.

கூட்டுறவுச் சங்கத்தின் வரலாறு இதுவரை தலைவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. பத்து வெள்ளி கட்டியவரின் வரலாறு எழுதப்பட வேண்டும். அலோர் காஜா, ஜாசின், சுங்கை ஊடாங் வட்டாரங்களில் பழைய இரும்புப் பெட்டிகளில் அக்காலத்துப் பங்குச் சான்றிதழ்களும் இரசீதுகளும் இன்னும் கிடக்கக்கூடும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு அவற்றைத் தேடிப் படியெடுக்கலாம். வைத்திருப்பவர் எத்தோட்டத்தில் வேலை செய்தார், அத்தோட்டம் எவ்வாண்டில் யாரிடம் கைமாறியது, குடும்பம் அதன்பின் எங்குச் சென்றது என்ற மூன்று வினாக்களையும் உடன் கேட்டு எழுதிவைத்தல் நன்று.