திரை தீட்டிய கறுப்பு முகம்

1915ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' என்னும் மௌனப் படம் வெளியானது. இயக்கியவர் டி. டபிள்யூ. கிரிஃபித். உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களை அது ஆளத் தெரியாதவர்களாகவும், வெள்ளைப் பெண்களைத் துரத்தும் வெறியர்களாகவும் சித்திரித்தது. முக்கியமான கறுப்பின வேடங்களில் நடித்தவர்களோ முகத்தில் கரி பூசிய வெள்ளையர்கள்! கறுப்பினத்தவரைக் கொன்று குவித்த 'கு கிளக்ஸ் கிளான்' என்னும் முகமூடிக் கூட்டம் மீட்பர்களாய்க் குதிரையேறி வந்தது.

உண்மையில் அக்கூட்டம் 1870களிலேயே ஒடுங்கிப்போயிருந்தது. படம் வெளிவந்த அதே ஆண்டின் இறுதியில், ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்டோன் மலையில் வில்லியம் சிம்மன்ஸ் என்பவர் அதற்கு மீண்டும் உயிரூட்டினார். ஆள் சேர்க்கவும் இப்படமே பயன்பட்டது. 1920களில் அதன் உறுப்பினர்கள் பல இலட்சமாகப் பெருகினர். கறுப்பின மக்களின் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு தடை கோரிப் போராடியும் சில இடங்களில் மட்டுமே வென்றது.

பெரியவர்கள் ஏற்கெனவே வெறுப்புக் கொண்டிருந்தவர்கள்தாமே என்று ஒருவர் வாதிடக்கூடும். அதற்கு விடை இல்லினாய் மாநிலத்தின் கிறிஸ்டல் லேக் என்ற சிற்றூரில் கிடைக்கிறது. கறுப்பினத்தவரை அறிந்திராத பள்ளி மாணவர்கள் 400க்கும் மேற்பட்டோருக்கு அங்கே இப்படத்தைக் காட்டி, முன்னும் பின்னும் அவர்கள் மனப்போக்கை ரூத் பீட்டர்சன், தர்ஸ்டன் ஆகிய ஆய்வாளர்கள் அளந்தனர். ஒரே ஒரு காட்சிக்குப் பின் கறுப்பினத்தவர் மீதான அவர்களது கருத்து வெகுவாகக் கெட்டிருந்தது. ஐந்து மாதங்கள் கழித்து அளந்தபோதும் பெரும்பகுதி அப்படியே தங்கியிருந்தது! இவ்வாய்வு 1933இல் நூலாயிற்று.

இதைப் படிக்கையில் நம் வீட்டுப் பிள்ளைகளே நினைவுக்கு வருகின்றனர். பிலால் (ரலி) அவர்களின் பாங்கோசையைக் கதையாய்க் கேட்டு வளர்பவர்கள் அவர்கள். ஆனால் உயிரோடு உலவும் ஓர் ஆப்பிரிக்கரை நேரில் கண்டு பேசியவர் அவர்களுள் எத்தனை பேர்? கிறிஸ்டல் லேக் சிறாரைப் போலவே, அவர்களும் திரையில்தான் காண்கிறார்கள்.

அதே ஆய்வாளர்கள் வேறோர் ஊர் மாணவர்களுக்கு 'சன் ஆஃப் தி காட்ஸ்' என்ற 1930ஆம் ஆண்டுப் படத்தைக் காட்டினர். அவர்களிடம் சீனர் மீதான நல்லெண்ணம் கூடியது. ஆனால் அப்படத்தின் சீனக் கதாநாயகன் கடைசியில் பிறப்பால் வெள்ளையன் என்று தெரியவருகிறது!