மேசைக்கணினி பாகத் தேர்வு

விளையாட்டுக்கும் வடிவமைப்புக்கும் ஏற்ற கணினியை உதிரிபாகங்களாக வாங்கிக் கோத்துக்கொள்ளும் முறை. தமிழ்நாட்டில் இதற்குப் பேர்போன சந்தை, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு.

வேலையை முடிவுசெய்த பிறகே பாகத்தை முடிவுசெய்ய வேண்டும். விளையாட்டுக்குக் கிராபிக்ஸ் கார்டே முதன்மை. பணத்தின் பெரும்பங்கு அதற்குப் போவதில் தவறில்லை. வடிவமைப்பில் கணக்கு மாறும். போட்டோஷாப்பில் பெரிய கோப்புகளைத் திறப்பவருக்கு ராம் தாராளமாக வேண்டும். பிளெண்டரில் முப்பரிமாணக் காட்சி செய்பவர் கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகத்தைப் பார்க்க வேண்டும். காட்சி அதில் அடங்காவிட்டால் வேகம் சரியும், சில வேளை பணியே நின்றுவிடும்.

பிராசஸரும் மதர்போர்டும் ஒரே சாக்கெட்டைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். 2022இல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்கும். இன்டெல்லின் எல்ஜிஏ1700 போர்டுகளில் டிடிஆர்4 வகையும் உண்டு, டிடிஆர்5 வகையும் உண்டு. ஒன்றுக்கு உரிய போர்டில் மற்றது பொருந்தாது.

பலரும் காசு மிச்சம் பிடிப்பது, பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில்தான். அது பெரும்பிழை, தரமற்றது பழுதானால் மற்ற பாகங்களையும் கெடுக்கக்கூடும். ‘80 பிளஸ்’ முத்திரை மின் செயல்திறனை மட்டுமே அளக்கிறது, பாதுகாப்பை அல்ல. மின்சாரம் வரும் வழியையும் கவனிக்க வேண்டும். துலாமாத (ஐப்பசி) இடிமழை பெய்யும் திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெரு போன்ற பழைய கட்டடங்கள் நிறைந்த பகுதியில், நல்ல எர்த் இணைப்பும் யுபிஎஸ்ஸும் பாகப் பட்டியலிலேயே இடம்பெற வேண்டும். தூசியைத் தடுக்கும் வலை உள்ள, காற்றோட்டமான கேபினெட் நல்லது.

உத்தரவாதம் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி என்பதால், வரிசை எண் குறித்த பில்லை வாங்கி வைப்பது அவசியம்.