அசோகரை எப்படிப் படிப்பது?

கலிங்கப் போரில் 1 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், 1.5 லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். இதைச் சொன்னது எதிரி அல்ல. வென்ற அசோகரே தன் 13ஆம் பாறைக் கல்வெட்டில் சொல்லி வருந்துகிறார். அரசர்களிடம் இது அபூர்வம்.

ஆனால் அதே கல்வெட்டு காட்டில் வாழ்ந்த மக்களை எச்சரிக்கிறது: வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை எனக்கு உண்டு. கலிங்கத்திலேயே உள்ள தவுளி, ஜவுகடா பாறைகளில் அந்த வருத்தம் பொறிக்கப்படவில்லை. கலிங்கமும் திருப்பித் தரப்படவில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1956இல் பௌத்தம் ஏற்றது அசோக விஜயதசமி நாளில். அசோகர் நமக்கு நெருக்கமானவர்தான். அதனாலேயே அவரை வழிபடாமல் படிப்போம், தோழர்களே. மன்னன் மனம் மாறினான் என்றால் நாம் கேட்க வேண்டியது: மாற்றம் யார்வரை வந்து சேர்ந்தது?