கோபுரத்தில் ஏறிச் சொல்லுங்கள்!



ஆபத்தான தொழிற்சாலைகளில் மனித உயிரைக் காப்பது சட்டமா, பயிற்சியா? பயிற்சியே என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணி நண்பர் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். நல்ல கனமான புத்தகம். தலையில விழுந்தா அதுவே ஒரு தொழில் விபத்து! (சிரிப்பு)

நான் புத்தகம் கொண்டு வரலை நடுவர் அவர்களே. சரித்திரத்தைக் கொண்டு வந்திருக்கேன்.

1974 ஜூன் 1. இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ என்ற ஊர். ரசாயன ஆலை ஒன்றில் வரிசையாக ஆறு வினைகலன்கள். ஐந்தாவதில் விரிசல். கழற்றி எடுத்துவிட்டு, நாலையும் ஆறையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். அந்தக் குழாய்க்கு வரைபடம் எங்கே போட்டார்கள் தெரியுமா? பட்டறைத் தரையில், சாக்பீஸால்! அதைச் சரிபார்க்க வேண்டிய பொறியாளரின் நாற்காலி அன்றைக்குக் காலி. குழாய் பிய்ந்தது, ஆவி பரவியது, வெடித்தது. 28 பேர் மாண்டார்கள். சனிக்கிழமை என்பதால் அந்த அளவோடு போயிற்று. இங்கிலாந்தில் சட்டம் இல்லையா? இருந்தது. அந்த நாற்காலியில் தெரிந்த ஆள் இல்லை.

இப்போது நம் நாட்டுக்கு வாங்க. 1984 டிசம்பர் 2 இரவு. போபால். யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டி ஒன்றில் மெத்தில் ஐசோசயனேட் என்ற விஷத் திரவம். அதற்குள் தண்ணீர் புகுந்தது. கொதித்து, ஏறத்தாழ 40 டன் வாயுவாக ஊருக்குள் இறங்கியது. தடுக்க ஏற்பாடு இல்லையா என்று கேட்பீர்கள். நாலு இருந்தது! தொட்டியைக் குளிர வைக்கும் இயந்திரம். அதை ஜூன் மாதமே நிறுத்திவிட்டார்கள். வாயுவைக் கழுவும் கோபுரம். அது அன்றைக்கு ஓடவில்லை. வாயுவை எரிக்கும் கோபுரம். அதன் குழாய் துருப்பிடித்துக் கழற்றப்பட்டிருந்தது. தண்ணீர் பீய்ச்சும் குழாய். அது வாயு போன உயரத்துக்கு எட்டவில்லை. நாலு காவல்காரர்களும் தூங்கினால் திருடனுக்கு என்ன கஷ்டம்?

செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்தார்கள். 12 பேர் பார்த்த வேலையை 6 பேர் பார்த்தார்கள். கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் புரட்ட வேண்டியவர்கள் இந்தி பேசுகிறவர்கள். ஊருக்கு அடித்த சைரனைச் சற்று நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். என்ன வாயு என்று மருத்துவர்களுக்கே தெரியவில்லை. ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே போ என்று ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் எத்தனை குழந்தை பிழைத்திருக்கும்! மத்தியப் பிரதேச அரசு உறுதி செய்த கணக்கே 3,787 உயிர். உண்மைக் கணக்கு அதைவிடப் பல மடங்கு என்று இன்றைக்கும் போராடுகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் நடுவர் அவர்களே, எதிரணி நண்பரின் சட்டங்கள் வந்தன. 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதே ஆண்டு, டில்லி ஸ்ரீராம் ஆலை வாயுக் கசிவு வழக்கில், அபாயத் தொழில் செய்கிறவன் எந்தச் சாக்கும் சொல்லித் தப்ப முடியாது என்று நீதியரசர் பகவதி அமர்வின் தீர்ப்பு. 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் திருத்தம்: ஆபத்து என்ன என்பதைத் தொழிலாளிக்கும் சுற்றியுள்ள ஊருக்கும் சொல்லியாக வேண்டும். 1989-ல் அபாய ரசாயன விதிகள்: ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை. அமெரிக்காவும் 1992-ல்தான் பதினாலு அம்சங்களோடு விதி போட்டது. அதில் ஒன்று பயிற்சி. எல்லாம் நல்ல சட்டங்கள். கும்பிடுகிறேன். ஆனா வரிசையைக் கவனிச்சீங்களா? சட்டம் சவ ஊர்வலத்துக்குப் பின்னால் வருகிறது. பயிற்சி ஒன்றுதான் முன்னால் நிற்க முடியும். (கைதட்டல்)

வருமுன் காக்காதவன் வாழ்க்கையை, நெருப்புக்கு முன்னால் வைத்த வைக்கோலோடு ஒப்பிட்டார் வள்ளுவர். நெருப்பு வந்த பிறகு வைக்கோலுக்குச் சட்டம் போட்டு என்ன பயன்?

"சட்டம் வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டதே" என்றார் நண்பர். சரியாச்சா? 2020 மே 7, விசாகப்பட்டினம். ஊரடங்கில் மூடிக் கிடந்த எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து விடியற்காலையில் ஸ்டைரீன் ஆவி கசிந்தது. 12 பேர் இறந்தார்கள். சட்டம் அப்போது முப்பது வயசுப் பிள்ளை. ஆலையில் சைரன் இருந்தது. அடிக்கப்படவில்லை என்று அரசு அமைத்த உயர்நிலைக் குழு எழுதியது. சைரனை மாட்ட வைத்தது சட்டம். அதை அழுத்த ஒரு விரல் வேண்டாமா? அந்த விரலுக்குப் பெயர்தான் பயிற்சி!

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998-ல் கார் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். ஏரியும் நெல்லுமாக இருந்த பூமி இன்றைக்குக் காரும் கண்ணாடியும் டயருமாக விளைகிறது. பெருமைதான். ஆனால் வண்ணம் பூசும் கூடம் என்றால் தின்னர் ஆவி இருக்கும். உலை என்றால் எரிவாயு இருக்கும். கழிவுநீர்த் தொட்டி என்றால் உள்ளே விஷவாயு இருக்கலாம். 2010-ல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஓர் இளம் பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி இறந்தார். அந்த ஆலையே 2014-ல் கைப்பேசி தயாரிப்பை நிறுத்திவிட்டது. அந்த வீட்டின் துக்கம் நின்றிருக்குமா?

அதே ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் அவதரித்தவர் ராமானுஜர். பதினெட்டு முறை திருக்கோஷ்டியூருக்கு நடந்து, குருவிடம் ரகசிய மந்திரம் பெற்றார் என்பது குருபரம்பரைக் கதை. வெளியே சொன்னால் உனக்கு நரகம் என்றார் குரு. இவர் என்ன செய்தார்? கோபுரத்தில் ஏறி ஊரையே கூப்பிட்டுச் சொன்னார். நான் ஒருவன் நரகம் போனாலும் இத்தனை பேர் பிழைக்கட்டும் என்றார். நடுவர் அவர்களே, தொழிற்சாலைப் பாதுகாப்பின் முதல் பாடம் இதுதான். உள்ளே தெரிந்ததை மதிலுக்கு வெளியே சொல்லு! சொல்லாததால்தானே போபால்? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்களே, எந்தப் பக்கம் ஓடணும்னு அவங்களுக்கு ஒத்திகை இருந்திருந்தா?

இன்னொன்று. நான் தமிழ்ப் பேராசிரியர். எங்கும் தமிழ் வேண்டும் என்று மேடை மேடையாக முழங்குகிறவன். ஆனால் ஒரகடத்தில் வேலை செய்யும் ஒடிசாப் பையனுக்கு ஆபத்தை ஒடியாவில் சொல்லுங்கள். பீகார்ப் பையனுக்கு இந்தியில் சொல்லுங்கள். உயிர் போகிற நேரத்தில் மனுஷனுக்குப் புரிகிற பாஷை அவன் அம்மா பாஷை மட்டும்தான். (கைதட்டல்)

பயிற்சி என்று சொல்லித் தொழிலாளி தலையில் பழியைப் போடுகிறீர்களா என்று எதிரணி கேட்கும். இல்லை ஐயா! போபாலில் குளிர்பதனத்தை நிறுத்தச் சொன்னது கூலிக்காரனா? முதல் பயிற்சி முதலாளிக்கு. அடுத்தது மேலாளருக்கு. நேற்று சேர்ந்த கான்ட்ராக்ட் தொழிலாளி, "ஐயா, இது ஆபத்து, வேலையை நிறுத்துங்க" என்று சொன்னால், கோபப்படாமல் காது கொடுக்கிற பயிற்சி.

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுடறேன். தாய்மார்களே, இன்றைக்கு ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பிள்ளை வந்தால் சம்பளத்தை அப்புறம் கேளுங்கள். "கண்ணு, சங்கு ஊதினா நீ எங்கே போய் நிக்கணும்?" என்று கேளுங்கள். சட்டென்று பதில் வந்தால் நிம்மதியாகச் சோறு போடுங்கள். யோசித்தான் என்றால், நாளைக்கே சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு வா என்று அனுப்புங்கள். அந்தப் பதில் சட்டப் புத்தகத்தில் இருந்து பயனில்லை. பிள்ளையின் காலில் இருக்க வேண்டும். ஆகவே, உயிரைக் காப்பது பயிற்சியே, பயிற்சியே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.