ஐம்பதும் ஐம்பத்தைந்தும்

2023 செப்ரெம்பர் 17. நல்லூர்த் திருவிழா முடிஞ்ச கையோட ஆசியக் கிண்ண இறுதியாட்டம் பார்க்கக் குந்தினோம். கொழும்பில், சொந்த மண்ணில், இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. சிராஜுக்கு 6 விக்கெட். நவம்பர் 2இல் மும்பையில், அதே இந்தியாவிடம் 55. அந்த உலகக் கிண்ணத்தில் 9 ஆட்டத்தில் 2 வெற்றி, ஒன்பதாம் இடம். 2025 சம்பியன்ஸ் கிண்ண வாய்ப்பும் அதோட போச்சு.

"தமிழருக்கு ஏன் உந்த ரீம்?" எண்டு ஒழுங்கையில கேட்பினம். நியாயமான கேள்விதான். 1996 மார்ச் 17, லாகூரில் அர்ஜுன ரணதுங்க கிண்ணத்தைத் தூக்கினபோது, முந்தின ஒக்ரோபர் 30 வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட எங்கட சனம் தென்மராட்சியிலும் வன்னியிலும் இடம்பெயர்ந்து கிடந்தது. அண்டைக்கு முரளி 10 ஓவர் போட்டு 31 ஓட்டம்தான் குடுத்தவர். நல்லூரில் பெரும்பாலான வீடுகள் வெறுமையாய்க் கிடந்தன.

வென்ற காலத்தைப் பெரியாக்களுக்குப் பார்க்கக் கிடைக்கேல்ல. எங்களுக்குக் கிடைச்சது தோற்கிற காலம். 2014 ருவென்ரி-20 கிண்ணம் வந்தபோது நாங்கள் சின்னப் பிள்ளையள். எண்டாலும் பார்க்கிறம், தொடக்க ஓவர்களிலேயே விக்கெட்டை அள்ளிக் குடுக்கிற விசர் வேலைக்கு வாய் நிறையத் திட்டுறம். அந்த உரிமையை ஒருத்தரும் தரேல்ல, நாங்களே எடுத்துக்கொண்டம்.

பக்கத்து வீட்டு அண்ணை இந்தியா ரசிகர். ரெண்டு நாளும் வெடி கொளுத்தினவர்.