இங்கிள்டன் அருவிச் சுற்றுப்பாதை

இங்கிலாந்தின் வடக்கு யார்க்சயரில், இங்கிள்பரோ மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் இங்கிள்டன். ட்விஸ், டோ என்னும் இரண்டு சிற்றாறுகள் இவ்வூரில் கலந்து கிரேட்டா என்ற பெயரைப் பெறுகின்றன. கலப்பதற்கு முன் அவை தனித்தனியே குடைந்த இரு மலையிடுக்குகளை இணைத்துச் செல்கிறது சுமார் 7 கி.மீ. நீளமுள்ள அருவிச் சுற்றுப்பாதை. ட்விஸ் கரையோரம் ஏறி, மேலே மேய்ச்சல் நிலத்தைக் குறுக்காகக் கடந்து, டோ கரையோரம் இறங்கினால் புறப்பட்ட ஊருக்கே வந்துவிடலாம். பெக்கா, தார்ன்டன் ஃபோர்ஸ், பீஸ்லி, ஸ்னோ என்று வரிசையாக வரும் அருவிகளுக்காகவே பெரும்பாலோர் இங்கே வருகிறார்கள். அருவிகளின் அழகில் குறையில்லை. ஆனாலும் இப்பாதையின் தனிச்சிறப்பு, அது சுற்றாக அமைந்திருப்பதுதான். ஒரே பாறை வரிசையை இரண்டு ஆறுகள் இரண்டு இடங்களில் அறுத்திருக்கின்றன. இரண்டையும் ஒரே நடையில் பார்க்கிறவருக்கே இந்த நிலத்தின் அமைப்பு முழுமையாகப் புரியும்.

ஊரிலிருந்து ஏறத் தொடங்கியதும் வரும் ஸ்வில்லா இடுக்கின் இருபுறமும் சுண்ணாம்புப் பாறை. சற்று மேலே சென்றதும் அது திடீரென நின்று, கருமையான பழம்பாறைகள் தொடங்குகின்றன. வடக்குக் கிரேவன் பிளவுப்பெயர்ச்சி ஆற்றைக் குறுக்கிடும் இடம் அது. பூமியின் மேலோடு இங்கே முறிந்து, தென்பகுதி கீழிறங்கியிருக்கிறது. பிளவைத் தாண்டியதும் பெக்கா அருவிகள். அங்கே கடினமான மணற்பாறையும் மென்மையான பலகைக்கல்லும் மாறிமாறி, ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. மென்பாறையை நீர் அரித்து மடுவாக்குகிறது. வன்பாறை தாக்குப்பிடித்துப் படியாக நிற்கிறது. அதனால்தான் ஆறு ஒரே வீழ்ச்சியாக விழாமல் ஐந்து படிகளில் இறங்குகிறது. இன்னும் மேலே, சுமார் 14 மீட்டர் உயரமுள்ள தார்ன்டன் ஃபோர்ஸில், மீண்டும் சுண்ணாம்புப் பாறை தலைகாட்டுகிறது. பள்ளத்தில் விட்டுவந்த அதே பாறைத்தொகுதி, பிளவின் வடபுறத்தில் கீழிறங்காமல் உயரத்திலேயே தங்கிவிட்டது.

தார்ன்டன் ஃபோர்ஸின் பாறை முகத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். மேலே, கிடையாகப் படுத்த சுண்ணாம்புப் பாறை. கீழே, நிமிர்ந்து நிற்கும் பலகைக்கல் அடுக்குகள். அலமாரியில் நிறுத்திய புத்தகங்களின் தலைமேல் ஒரு பலகையைக் கிடத்தியது போன்ற அமைப்பு. இரண்டுக்கும் நடுவில் கூழாங்கற்கள் இறுகிய மெல்லிய திரள்பாறை. அந்தக் கற்கள் கீழிருக்கும் பழம்பாறையிலிருந்தே உடைந்து உருண்டவை. கீழ்ப்பாறை ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது; மேற்பாறைக்கு வயது சுமார் 33 கோடி ஆண்டு. இடைப்பட்ட காலத்தில் பழைய அடுக்குகள் மடிந்து, நிமிர்ந்து, மலையாகி, தேய்ந்து மட்டமாயின. பிறகு வெப்பமண்டலக் கடல் ஏறிவந்து அவற்றின்மேல் சுண்ணாம்பைப் படியவைத்தது. ஏறத்தாழ 15 கோடி ஆண்டு இடைவெளி, ஒரு கையால் மறைத்துவிடக்கூடிய கோடாக அங்கே தெரிகிறது. அருவியே அண்மைக்காலத்தது: பனியாறு விட்டுச்சென்ற மண்ணும் கல்லும் ட்விஸின் பழைய தடத்தை அடைத்துவிட்டதால், ஆறு விலகிவந்து இங்கே விழுகிறது.

தார்ன்டன் ஃபோர்ஸைப் பார்த்தபின் வந்தவழியே திரும்பினால் போதாதா என்று கேட்கலாம். நேரமும் கால்வலியும் மிச்சம் என்பது உண்மை. ஆனால் ஓர் ஆற்றில் மட்டும் கண்டதை அந்த இடத்தின் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியும். டோ அதற்கு இடம்தரவில்லை. பீஸ்லி அருவி, பேக்சன்கில் இடுக்கு, ஸ்னோ அருவி ஆகிய எல்லாம் அதே பழம்பாறையில் அமைந்தவை. ஊரை நெருங்கும்போது அதே பிளவைக் கடந்து மறுபடி சுண்ணாம்புக்கு வந்துசேர்கிறோம். ஏறும்போது கண்ட வரிசை, இறங்கும்போது தலைகீழாகத் திரும்புகிறது. அப்போதுதான் பிளவும் பழம்பாறைப் பட்டையும் ஓர் ஆற்றோடு நின்றுவிடாமல், இரு பள்ளத்தாக்குகளையும் கடந்து நீள்வது உறுதியாகிறது. நடைமுறைக் காரணமும் உண்டு. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளும் குறுகிய பாலங்களும் கொண்ட பாதையில் ஏறுவோரும் இறங்குவோரும் முட்டிக்கொள்ளாமல், எல்லோரும் ஒரே திசையில் நடக்க முடிகிறது.

கனமான மறுப்பு ஒன்று உண்டு: இயற்கையின் அருவியைப் பார்க்கக் கட்டணம் ஏன், படிகளும் கைப்பிடிகளும் அதன் இயல்பைக் கெடுக்கவில்லையா? இங்கே நுழைவுக்கட்டணம் உண்டு; அதைக் கொடுக்க இயலாதவருக்கு அது தடைதான் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் இந்த இடுக்குகளின் சரிவு, வழியமைக்காமல் பொதுமக்கள் பாதுகாப்பாக நடக்கக்கூடியதல்ல. 1885இல் உள்ளூர்வாசிகள் முயன்று பாதையும் பாலங்களும் அமைத்துத் திறந்த பிறகே, ரயிலில் ஆயிரக்கணக்கானோர் வந்து இவற்றைக் கண்டார்கள். அந்தப் பயணிகள் ரயில் 1954இல் நின்றுபோனது. பதினொரு வளைவுகள் கொண்ட ரயில் பாலம் மட்டும் ஊருக்குமேல் இன்றும் நிற்கிறது. பாதை நிலைத்திருப்பதற்குக் காரணம் இடைவிடாத பராமரிப்பு. வெள்ளம் பாலங்களை அடிக்கும், ஈரம் மரக்கட்டையை அரிக்கும், சரிவு படிகளைப் பெயர்க்கும். படியில்லாத இடத்தில் கூட்டம் தனக்கென்று நூறு தடங்களைப் போட்டுக்கொள்ளும். பாசியும் பெரணியும் மண்ணும் அதில் அழியும். அறிவியல் முக்கியத்துவத்துக்காகச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற இடுக்குகளில், மக்களை ஒரே தடத்தில் நடத்திச்செல்லும் பாதை இயற்கைக்கு எதிரி ஆகாது.

முழுச் சுற்றுக்கும் இரண்டரை முதல் நான்கு மணிநேரம் ஆகும்; ஏற்றம் சுமார் 170 மீட்டர். மழைக்குப் பிறகு அருவிகள் பெருகியிருக்கும். அப்போதுதான் கற்களும் அதிகம் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள காலணியோடு, ட்விஸ் பக்கமாகவே ஏறுங்கள்.