திருத்தப்பட்ட பிழை திரும்பத் திரும்ப வருவது ஏன்?

வங்கிக் கணக்கையும் ரயில் முன்பதிவையும் இரவு பகலாகக் கவனித்துக்கொள்ளும் சர்வர் கணிப்பொறிகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றை நடத்தும் இயக்க முறைமை, தனக்கு நேர்வதையெல்லாம் ஒரு பதிவேட்டில் நாள், மணி, விநாடியுடன் எழுதி வைக்கிறது. அந்தப் பதிவேட்டில் அடிக்கடி தலைகாட்டும் வரி ஒன்று உண்டு: நினைவகத்தில் பிழை, திருத்தப்பட்டது. அடுத்த நாளும் அதே வரி. அதற்கடுத்த வாரம் பத்துத் தடவை. பிழைதான் திருத்தப்பட்டுவிட்டதே, பின் எதற்குக் கவலை என்று கேட்கிறீர்களா? இக்கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின.

பிழையைத் தானே திருத்தும் வித்தையைத் தந்தவர் ரிச்சர்ட் ஹாமிங். 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அவர் பணியாற்றினார். அங்கிருந்த ரிலே கணிப்பொறிக்குப் பிழையைக் கண்டுபிடிக்கத் தெரியும், திருத்தத் தெரியாது. வார விடுமுறையில் ஆள் இல்லாத நேரத்தில் பிழை நேர்ந்தால், அந்தக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் வேலை நடந்திருக்காது. பிழை இருக்கிறது என்று அறியும் எந்திரத்தால் அது எங்கே இருக்கிறது என்று ஏன் அறிய முடியாது என்று ஹாமிங் எண்ணினார். 1950-இல் வழியை வெளியிட்டார்.

அவ்வழி மிக அழகானது. நான்கு இரும இலக்கங்களுடன் மூன்று காவல் இலக்கங்களைச் சேர்க்கிறோம், மொத்தம் ஏழு. ஒவ்வொரு காவலரும் ஏழில் குறிப்பிட்ட சில இடங்களில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையா என்று பார்க்கிறார். சரி என்றால் 0, தவறு என்றால் 1. மூவரின் விடைகளையும் வரிசையாக எழுதினால், அந்த இரும எண்ணே பிழைபட்ட இடத்தைக் காட்டிவிடும்! அங்கே 0 இருந்தால் 1 என்றும், 1 இருந்தால் 0 என்றும் மாற்றிவிட்டால் போதும். சர்வர்களில் வழக்கமாக 64 இலக்கங்களுக்கு 8 காவல் இலக்கங்கள் உள்ளன. ஒரு பிழையைத் திருத்தலாம். இரண்டு நேர்ந்தால் கண்டுபிடிக்கலாம், திருத்த இயலாது. இந்தக் கடைசிச் சொற்றொடரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பிழை எங்கிருந்து வருகிறது? 1970-களில் சிலிக்கான் சில்லு நினைவகங்கள் பரவின. அவற்றின் ஒவ்வோர் அறையும் மிக நுண்ணிய மின்தேக்கி. அதில் மின்னூட்டம் இருப்பதையும் இல்லாததையும் கொண்டே 0, 1 என்று அறிகிறோம். 16,384 அறைகள் கொண்ட சில்லுகளில் புதிரான பிழைகள் தோன்றின. ஓர் அறை திடீரென்று தவறிவிடும். மறுபடி எழுதினால் ஒழுங்காக வேலை செய்யும். இன்டெல் நிறுவனத்தின் திமோதி மே, மர்ரே வுட்ஸ் இருவரும் 1978-இல் காரணத்தை வெளியிட்டார்கள்: ஆல்ஃபா துகள்!

ஆல்ஃபா துகளை ஒரு காகிதத் தாளே தடுத்துவிடும். எனவே அது வெளியிலிருந்து வந்திருக்க முடியாது. சில்லைப் பொதிந்திருந்த பீங்கான் உறையிலேயே மிகச் சிறு அளவில் யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. 50 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஓர் ஆல்ஃபா துகள் சிலிக்கானில் ஏறத்தாழ 14 லட்சம் எலெக்ட்ரான்களை விடுவித்துவிடும். அறையின் செய்தியை அழிக்க அது போதும். பாதுகாக்க வந்த உறையே பகையானது.

உறைகளைத் தூய்மைப்படுத்தினார்கள். ஆனால் 1980-களின் பிற்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்தின் சில்லுகளில் பிழைகள் மீண்டும் பெருகின. தேடிப் போனபோது, சில்லு தயாரிக்கப் பயன்பட்ட அமிலத்தின் புட்டியில் போய் நின்றது விசாரணை. புட்டிகளைக் கழுவும் எந்திரத்தில் நிலைமின்சாரத்தைப் போக்கப் பொலோனியம்-210 வைத்திருந்தார்கள், அது கசிந்திருந்தது. துப்பறியும் கதைகளுக்கு இது சற்றும் இளைத்ததல்ல. இதற்கிடையே, விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் நினைவகத்தைக் குலைக்கும் என்று ஜேம்ஸ் சீக்ளர், வில்லியம் லான்ஃபோர்ட் இருவரும் 1979-இல் எடுத்துக்காட்டியிருந்தார்கள்.

இதனால் ஒரு தீங்கும் விளைந்தது. பதிவேட்டில் திருத்தப்பட்ட பிழையைக் கண்டவர்கள், ஏதோ கதிர் வந்து போயிற்று என்று பேசாமல் இருந்துவிடப் பழகினார்கள். 2009-இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும் கூகுள் ஆய்வாளர்கள் இருவரும் அந்நிறுவனத்தின் சர்வர்களில் இரண்டரை ஆண்டுகள் திரட்டிய பதிவுகளை வெளியிட்டபோதுதான் இந்த எண்ணம் ஆட்டம் கண்டது. ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்றில் ஒரு சர்வர் ஒரு பிழையையேனும் கண்டிருந்தது. அதைவிட முக்கியமானது வேறொன்று. ஒரு மாதத்தில் ஒரு முறை பிழைபட்ட நினைவகப் பலகை அதே மாதத்தில் மீண்டும் பிழைபடும் வாய்ப்பு, மற்றவற்றைப்போல் 13 முதல் 228 மடங்கு வரை இருந்தது. விண்கதிர் ஒரே பலகையைக் குறிவைத்துத் தாக்குமா? பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம் பலகையிலேயே உள்ள நிலையான பழுதுதான் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். திருத்தப்பட்ட பிழைகள் வந்த பலகையில் திருத்த முடியாத பிழை வரும் வாய்ப்பும் கூடியது. அப்படி ஒன்று வந்தால் சர்வர் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆகவே, அந்த வரியைக் கண்டால் எத்தனை தடவை என்பதோடு எங்கே என்றும் பாருங்கள். முகவரி ஒவ்வொரு முறையும் வேறு வேறாக, மாதக்கணக்கில் இடைவெளி விட்டு வந்தால் அது கதிரின் வேலையாக இருக்கலாம். அதே பலகை, அதே முகவரி என்றால் பழுது. அப்போதும் உடனே பலகையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சர்வரை நிறுத்தி, அதை வேறொரு பொருத்துவாயில் செருகிப் பாருங்கள். பிழை பலகையோடு கூடவே போனால் குற்றம் பலகையுடையது. பழைய இடத்திலேயே தங்கினால் பொருத்துவாயையோ தாய்ப்பலகையையோ சோதிக்க வேண்டும். மாற்றுப் பலகை வந்து சேரும்வரை லினக்ஸ் போன்ற இயக்க முறைமைகளால் அந்தப் பழுதுபட்ட பகுதியை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற இடத்தில் வேலையைத் தொடர முடியும்.